புதிய செல்லப்பிராணிகளைத் தனிமைப்படுத்தல்: சின்சில்லாவை முன்வைத்து ஒரு வரலாறு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைச் சேர்ந்த சின்சில்லா என்னும் சிறு கொறிவிலங்கை வீட்டில் வளர்ப்போர், புதிதாக ஒன்றை வாங்கி வந்தால் அதை உடனே பழையவற்றோடு விடுவதில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அதை வேறோர் அறையில், வேறு கூண்டில், வேறு உணவுக் கிண்ணத்தோடு வைத்திருந்து, நோய் ஏதுமில்லை என்று தெரிந்த பின்னரே மற்றவற்றிடம் கொண்டு செல்கின்றனர். இது தனிமைப்படுத்தல் எனப்படும். குவாரண்டைன் என்ற சொல்லும் பேச்சு வழக்கில் உண்டு.

இன்று கால்நடை மருத்துவர் சொல்லும் சாதாரண அறிவுரையாகத் தோன்றும் இந்த வழக்கம், அறிவியல் நூலிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்துவிடவில்லை. மாடுகள், கிளிகள், நாய்கள், எலி இன விலங்குகள் எனப் பல உயிர்களின் சாவும், சில மனிதர்களின் சாவும் அதன் பின்னால் உள்ளன. பெரும்பாலும் இழப்பு முதலில் நேர்ந்தது, விதி பிறகு வந்தது. சின்சில்லா இந்த வரலாற்றில் தாமதமாகவே நுழைகிறது.

சொல்லும் தொடக்கமும்

தனிமைப்படுத்தல் முதலில் மனிதருக்காகவும் கப்பல்களுக்காகவும் ஏற்பட்டது. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகூசா நகரம் (இன்றைய குரோவேசியாவின் துப்ரோவ்னிக்) 1377ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் அருகிலுள்ள தீவிலோ சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கியிருந்த பின்பே நகருக்குள் வரலாம் என்பது அதன் சாரம். பின்னர் முப்பது நாள் நாற்பதாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் குவாரண்டா என்ற சொல்லிலிருந்தே குவாரண்டைன் பிறந்தது. வெனிஸ் நகரம் 1423இல் ஒரு தீவில் நோயாளிகளுக்கென நிலையான மருத்துவ இல்லம் அமைத்தது.

கிருமி என்று ஒன்று உண்டென அறியாத காலத்தில் இந்த விதிகள் எழுந்தன என்பது கவனிக்கத்தக்கது. நோய் எதனால் வருகிறது என்பதில் அவர்களுக்கு ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நலமாகத் தோன்றும் ஒருவர் நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதையும், காத்திருந்தால் அது வெளிப்பட்டுவிடும் என்பதையும் கண்டிருந்தனர். இன்று சின்சில்லாக் கூண்டை வேறு அறையில் வைப்பவரும் இதே இரண்டு எண்ணங்களின் மீதுதான் நிற்கிறார்.

கால்நடைகளும் வெக்கை நோயும்

விலங்குகளைப் பிரித்து வைக்கும் விதிகளை ஐரோப்பா மாடுகளின் வெக்கை நோயிலிருந்து கற்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் இத்தாலியில் மாட்டுக் கூட்டங்களை அழித்தபோது, போப்பாண்டவரின் மருத்துவரான ஜியோவானி மரியா லான்சிசி நோயுற்ற மாடுகளைக் கொல்லவும், மாடுகளின் நடமாட்டத்தைத் தடுக்கவும் கடுமையான முறைகளைப் பரிந்துரைத்தார். இங்கிலாந்தில் 1714இல் தாமஸ் பேட்ஸ் என்ற அரண்மனை அறுவை மருத்துவர் ஏறக்குறைய இதையே செய்தார். மாடு இழந்தவருக்கு இழப்பீடு தருவதையும் அவர் சேர்த்துக்கொண்டதால் விவசாயிகள் நோயை மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பாடம் மறக்கப்பட்டது. 1865இல் பால்டிக் கடல் துறைமுகமான ரெவாலிலிருந்து (இன்றைய தாலின்) வந்த மாடுகள் ஹல் துறைமுகத்தில் இறக்கப்பட்டு நேரே சந்தைகளுக்குச் சென்றன. சில வாரங்களில் லண்டன் பால்பண்ணைகளில் மாடுகள் விழத் தொடங்கின. ஜான் காம்ஜி என்ற கால்நடை மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அவர் பேச்சு எடுபடவில்லை. வணிகத்துக்கு இடையூறு என்ற வாதமே வென்றது. பல லட்சம் மாடுகள் இறந்த பின்னரே இறக்குமதி மாடுகளைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தும் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 1898இல் இயற்றப்பட்ட கால்நடை இறக்குமதிச் சட்டமும் இந்த வழியில் வந்ததே. வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் பால், இறைச்சி, உழவு ஆகியவற்றுக்கான விலங்குகளைப் பற்றியவை. கூண்டில் வைத்துக் கொஞ்சும் சிறு உயிரால் ஊருக்கு ஆபத்து வரும் என்று அப்போது பெரிதாக யாரும் எண்ணவில்லை.

கிளிக் காய்ச்சல்

அந்த எண்ணத்தை மாற்றியது கிளி. 1879இல் சுவிட்சர்லாந்தில் யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர், கூண்டுப் பறவைகள் இருந்த ஒரு வீட்டில் பலருக்கு ஒரே வகையான நுரையீரல் காய்ச்சல் வந்ததைப் பதிவு செய்தார். 1892இல் பாரிஸ் நகரில் இது பெரிதாக வெடித்தது. இரண்டு வணிகர்கள் புவெனஸ் அயர்ஸில் 500 கிளிகளை வாங்கிக் கப்பலேற்றினர். வழியிலேயே சுமார் 300 கிளிகள் இறந்தன. மிஞ்சியவற்றை இருவரும் பங்கிட்டு விற்றனர். கப்பலில் பாதிக்கு மேல் செத்துப்போன ஒரு கூட்டத்தில் மிஞ்சியவை நலமானவை என்று எப்படி நம்பினார்கள் என்பது இன்று வியப்பாக இருக்கலாம். ஆனால் நீண்ட கடற்பயணத்தில் விலங்குகள் சாவதை அன்றைய வணிகம் வழக்கமான நட்டமாகவே கணக்கில் எழுதியது. நோய்க்கு சிட்டகோசிஸ் என்ற பெயர் பின்னர் வந்தது. கிரேக்க மொழியில் சிட்டகோஸ் என்றால் கிளி.

அடுத்த பெரும் பரவல் 1929ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. அர்ஜென்டினாவில் கிளிகள் நோயுற்று, மனிதருக்கும் காய்ச்சல் பரவியதால் உள்நாட்டில் கிளி வணிகம் தடுக்கப்பட்டது. அப்போது துறைமுகங்களில் வெளிநாட்டுப் பயணிகளிடம் கிளிகள் விற்கப்பட்டன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அன்னாபொலிஸ் நகரைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு கிளி வாங்கப்பட்டது. கிளி சில நாளில் சோர்ந்து இறந்தது. 1930 ஜனவரியில் அந்த வீட்டாருக்குக் காய்ச்சல் கண்டது. கிளி விற்பனையான பால்டிமோர் கடையிலும் ஆட்கள் நோயுற்றனர்.

செய்தி வாஷிங்டனில் உள்ள அரசு சுகாதார ஆய்வகத்துக்கு எட்டியது. சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆய்வாளர் நோயுற்ற கிளிகளைக் கட்டடத்தின் நிலவறையில் வைத்து ஆராய்ந்தார். கிருமிநாசினியில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டு, கையுறை அணிந்தே கிளிகளைக் கையாண்டனர். அப்படியும் அவருடைய உதவியாளர் நோய் கண்டு 1930 பிப்ரவரியில் இறந்தார். ஆம்ஸ்ட்ராங்கும் படுக்கையில் விழுந்து, ஏற்கெனவே குணமான ஒருவரின் இரத்த நீர் செலுத்தப்பட்டுப் பிழைத்தார். நிலவறைக்குள் காலே வைக்காத சிலரும், மேல்மாடிகளில் வேலை செய்தவர்களும் நோயுற்றனர். கடைசியில் ஆய்வக இயக்குநர் ஜார்ஜ் மெக்காய் தாமே இறங்கி, மிஞ்சிய பறவைகளைக் கொன்று எரித்து, கட்டடம் முழுவதையும் நச்சுப்புகையால் தூய்மை செய்தார்.

கூண்டைப் பிரித்தால் மட்டும் போதாது, காற்றையும் பிரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உலர்ந்த எச்சத்தின் தூள் காற்றில் கலந்து கட்டடம் முழுவதும் சென்றிருந்தது. புதிய விலங்கை அதே அறையின் மறு மூலையில் வைக்காமல் வேறோர் அறையில் வைக்க வேண்டும் என்று இன்று சொல்லப்படுவதன் பின்னணி இதுதான்.

அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் 1930 ஜனவரி 24 அன்று கிளி இறக்குமதியைத் தடை செய்தார். அந்தப் பரவலில் அந்நாட்டில் மொத்தம் 169 பேர் நோயுற்று 33 பேர் இறந்தனர். தடை வந்ததும் சிக்கல் தீர்ந்ததாகவே எண்ணினர். ஆனால் சான்பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய சுவிஸ் ஆய்வாளர் கார்ல் பிரீட்ரிக் மேயர் வேறொன்றைக் கண்டார். கலிபோர்னியாவில் வீட்டுக் கொல்லைகளில் வளர்க்கப்பட்ட பட்ஜெரிகர் கிளிகளிலேயே இந்நோய் குடியிருந்தது. குஞ்சுப் பருவத்தில் தொற்றிய பறவை பிழைத்து வளர்கிறது, நோய்க்குறி எதுவும் இல்லை. அதை நெருக்கியடித்த பெட்டியில் அடைத்து, ரயிலில் ஏற்றி, பட்டினி போட்டால் கிருமி மீண்டும் பெருகி எச்சத்தில் வெளியேறுகிறது.

மேயரின் இந்தக் கண்டுபிடிப்பே செல்லப்பிராணித் தனிமைப்படுத்தலின் மையம் என்று கூறலாம். வாங்கும் நேரத்தில் விலங்கு நலமாக இருந்தது என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பயணமும் இடமாற்றமும்தான் உள்ளே உறங்கிய நோயை எழுப்புகின்றன. எனவே புதிய வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களே அந்த விலங்கு மற்றவற்றுக்கு மிகவும் ஆபத்தான காலம். வீட்டில் இருப்போர் அதைக் கொஞ்சி மற்றவற்றோடு பழக விட ஆவலாக இருப்பதும் அதே வாரங்களில்தான்.

மலையிலிருந்து இறங்கிய சின்சில்லாக்கள்

சின்சில்லாவில் இரண்டு இனங்கள் உள்ளன. நீண்ட வால் கொண்டது சிலியிலும், குட்டை வால் கொண்டது ஆண்டிஸின் உயர்ந்த பகுதிகளிலும் வாழ்பவை. ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மென்மயிர்கள் முளைப்பதால் அதன் தோல் மிக மிருதுவானது. அதுவே அதற்கு எமனாயிற்று. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகளின் மேலங்கிகளுக்காகச் சின்சில்லாக்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டன. ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் வேண்டும். 1910இல் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் வேட்டையைத் தடை செய்ய உடன்பட்டபோது பல இடங்களில் விலங்கே மிஞ்சவில்லை.

மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியில் ஒரு செப்புச் சுரங்க நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். 1918இல் உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஒரு சின்சில்லாவை வாங்கிய அவர், ஒரு கூட்டத்தையே பிடித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்க எண்ணினார். ஆள் வைத்துத் தேடியும் பொருத்தமான விலங்குகள் சிலவற்றைச் சேர்க்கவே ஆண்டுகள் ஆயின. மலை உயரத்திலிருந்து சட்டென்று கடற்கரை வெப்பத்துக்கு இறக்கினால் அவை இறந்துவிடும் என்று அஞ்சி, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சிறிது சிறிதாக இறக்கினார். கப்பலில் வெப்பம் தாக்காதிருக்கப் பனிக்கட்டிகளை வைத்தார். 1923 பிப்ரவரி 22 அன்று கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகத்தில் 11 சின்சில்லாக்கள் கரையேறின. இன்று அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கூட்டத்தின் வழித்தோன்றல்கள்.

சாப்மன் செய்தது நோய்க்காக அன்று, வெப்பத்துக்காக. ஆயினும் அந்த ஓராண்டு இறக்கம் தன்னறியாமல் ஒரு நீண்ட தனிமைப்படுத்தலாகவும் அமைந்தது எனலாம். பிடிக்கப்பட்டவற்றில் நலிந்தவை வழியிலேயே தெரிந்துவிட்டன. கலிபோர்னியாவில் இறங்கியபோது அங்கே அவற்றுக்கு நோய் தரவோ அவற்றிடமிருந்து நோய் பெறவோ வேறு சின்சில்லா எதுவும் இல்லை. பின்னாளில் எந்தப் பண்ணைக்கும் அப்படியொரு தூய தொடக்கம் கிடைக்கவில்லை.

சாப்மன் 1934இல் இறந்தார். பிறகு சின்சில்லாப் பண்ணைத் தொழில் அமெரிக்காவில் பெருகியது. தோலைவிட இனவிருத்தி இணைகளை விற்பதிலேயே பணம் புரண்டது. வீட்டு நிலவறையில் ஓர் இணையை வைத்துச் செல்வந்தராகலாம் என்ற விளம்பரங்களை நம்பிப் பலர் வாங்கினர். விலங்குகள் பண்ணைக்குப் பண்ணை கைமாறின. சிறு கம்பிக் கூண்டுகளில், அடுக்கடுக்காக, நெருங்கிய உறவுள்ள விலங்குகள் வாழ்ந்தன. தீவனம் வழியே வரும் லிஸ்டீரியா நோய், காட்டெலிகளின் எச்சத்தால் வரும் யெர்சினியா, குடிநீர்ப் புட்டிகளில் வளரும் சூடோமோனாஸ், தோலில் படரும் படர்தாமரை ஆகியவை பண்ணை நோய்களாக அறியப்பட்டன. தோல் விலை சரிந்து பல பண்ணைகள் மூடப்பட்டபோது எஞ்சிய விலங்குகள் செல்லப்பிராணிச் சந்தைக்கு வந்தன. அவற்றோடு அந்நோய்களும் வந்தன.

ஆறு மாதச் சிறை

இதே காலத்தில் பிரிட்டனில் நாய்களுக்கான தனிமைப்படுத்தல் உலகிலேயே கடுமையானதாக வளர்ந்திருந்தது. தெருநாய்களைப் பிடித்தும், நாய்களுக்கு வாய்க்கூடை கட்டாயமாக்கியும், வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்தும் அந்நாடு 1902இல் வெறிநாய்க்கடி நோயை ஒழித்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் சிலர் நாய்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்ததால் 1918இல் நோய் மீண்டும் நுழைந்தது. மறுபடி ஒழிக்க 1922 வரை ஆயிற்று.

ஆறு மாதமும் எப்போதும் போதவில்லை. 1969இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய் விதிப்படி ஆறு மாதம் அடைபட்டிருந்து வெளியே வந்தது. பத்து நாளில் கேம்பர்லி என்னும் ஊரில் அதற்கு வெறி கண்டது. அது தப்பியோடிப் புதர்க்காடுகளில் திரிந்திருந்ததால், நரி முதலிய காட்டு விலங்குகளுக்குத் தொற்றியிருக்குமோ என்று அஞ்சி அப்பகுதியில் அவற்றைச் சுட்டுக் கொன்றனர். நோய்க்கிருமி உள்ளே தங்கும் காலம் விலங்குக்கு விலங்கு மாறுபடும். எத்தனை நாள் என்று விதி சொல்வது பெரும்பாலானவற்றைப் பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்காது. நல்ல தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் வந்த பிறகு, 2000ஆம் ஆண்டு முதல் பிரிட்டன் ஆறு மாத அடைப்புக்கு மாற்று வழியை ஏற்றுக்கொண்டது. காத்திருப்பதற்குப் பதிலாகச் சோதித்துப் பார்ப்பது என்பது அதன் அடிப்படை. வீட்டுச் சின்சில்லாவுக்கும் இது பொருந்தும். முப்பது நாள் வெறுமனே தள்ளி வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டாமல் சேர்ப்பது பாதி வேலைதான்.

பறவைகளுக்கான முப்பது நாள் விதி அமெரிக்காவில் 1970களில் வந்தது. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் வழங்கும் நியூகேசில் நோய், இறக்குமதியான கூண்டுப் பறவைகள் வழியே 1971இல் தெற்குக் கலிபோர்னியாவின் கோழிப்பண்ணைகளுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 1.2 கோடிப் பறவைகளைக் கொன்ற பின்னரே அது அடங்கியது. சந்தையில் பிடித்து வந்த ஒற்றைக் கோழியால் வீட்டுக் கோழிகள் எல்லாம் தலை சாய்ந்து விழுவதைக் கண்டிருக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்தார்க்கு இது புதிய கதையன்று, அளவுதான் பெரிது.

2003: ஒரே கூடத்தில் வைத்ததன் விளைவு

புதிய விலங்கைப் பழையவற்றோடு வைக்கக் கூடாது என்பதற்கு இன்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படும் முதன்மை எடுத்துக்காட்டு 2003ஆம் ஆண்டின் குரங்கம்மைப் பரவல். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து டெக்சாஸ் மாநிலத்துக்கு ஏறத்தாழ 800 சிறு பாலூட்டிகள் செல்லப்பிராணி வணிகத்துக்காக வந்திறங்கின. காம்பியப் பெருவெலி, கயிற்று அணில், டோர்மவுஸ் எனப் பல வகைகள் அவற்றில் இருந்தன. பறவைகளுக்கு இருந்தது போன்ற கட்டாயத் தனிமைப்படுத்தல் இக்கொறிவிலங்குகளுக்கு இல்லை.

இவற்றில் சில, இல்லினாய் மாநில வணிகர் ஒருவரிடம் சென்றன. அவர் அவற்றைத் தம்மிடம் விற்பனைக்கு இருந்த பிரெய்ரி நாய்களுக்கு அருகே வைத்தார். பிரெய்ரி நாய் என்பது பெயருக்குத்தான் நாய். அது வட அமெரிக்கப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் அணில் இன விலங்கு. ஆப்பிரிக்கக் குரங்கம்மைக் கிருமியை அது அதுவரை கண்டதேயில்லை என்பதால் எளிதில் நோயுற்றது. அந்தப் பிரெய்ரி நாய்கள் கடைகளுக்கும் பரிமாற்றச் சந்தைகளுக்கும் வீடுகளுக்கும் சென்றன. மே மாதத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று வயதுக் குழந்தையொன்று தன் வீட்டுப் பிரெய்ரி நாயால் கடிபட்டு, காய்ச்சலும் கொப்புளங்களும் கண்டது. ஆறு மாநிலங்களில் 47 பேர் பாதிக்கப்பட்டனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே மனிதரிடையே குரங்கம்மை பரவியது அதுவே முதல் முறை. நல்வேளையாக யாரும் இறக்கவில்லை.

பின்னர் சோதித்தபோது பெருவெலி, டோர்மவுஸ், கயிற்று அணில் ஆகியவற்றில் கிருமி இருந்தது உறுதியானது. நோய் பெற்ற மனிதர்களோ ஆப்பிரிக்க விலங்குகளைத் தொட்டவர்கள் அல்லர். அவர்கள் தொட்டது பிரெய்ரி நாயை. இடையில் நின்றது ஒரே ஒரு கூடம், சில வாரங்கள். ஆப்பிரிக்கக் கொறிவிலங்குகளில் சில பெரிதாக நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கக்கூடியவை என்பதால் வெறும் காத்திருப்பு எல்லாவற்றையும் வெளிப்படுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு கூடத்தில் வேறு ஆட்களோடு வைத்திருந்தால் பிரெய்ரி நாய்களுக்குத் தொற்றும் வழி அடைபட்டிருக்கும். தனிமைப்படுத்தலில் காலத்தைப் போலவே தூரத்துக்கும் பங்கு உண்டு. 2003 ஜூன் மாதத்தில் ஆப்பிரிக்கக் கொறிவிலங்கு இறக்குமதியை அமெரிக்கா தடை செய்தது.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு ஒன்றும் உண்டு. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் ஒரு செல்லப்பிராணிக் கடையின் ஊழியருக்குக் கொரோனாத் தொற்று கண்டது. நெதர்லாந்திலிருந்து வந்த ஹாம்ஸ்டர்களிடம் அதே கிருமி காணப்பட்டது. கடைகளில் இருந்தவற்றோடு, சில வாரங்களுக்குள் வாங்கப்பட்டு வீடுகளில் வளர்ந்தவற்றையும் ஒப்படைக்குமாறு அரசு ஆணையிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாம்ஸ்டர்கள் கொல்லப்பட்டன. கொல்லும் ஆணை அவற்றோடு இருந்த சின்சில்லா முதலிய பிற சிறு விலங்குகளையும் விடவில்லை. பலர் தங்கள் விலங்கை ஒளித்து வைத்தனர், வேறு சிலர் அநாதையானவற்றை ஏற்க முன்வந்தனர். ஹாம்ஸ்டரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது உண்மை என்பதை ஆய்வுகள் பின்னர் காட்டின. ஆயினும் சில வார அடைப்பும் பரிசோதனையும் போதுமாயிருக்குமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இறக்குமதியின்போதே தனிமைப்படுத்திச் சோதித்திருந்தால் அவ்வளவு உயிர்கள் போயிருக்கத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. தனிமைப்படுத்தலைக் கொடுமை என்போர் அது இல்லாத இடத்தில் நடப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சின்சில்லாவுக்கு அந்த ஒரு மாதம்

சின்சில்லா கழுகுக்கும் நரிக்கும் இரையாகும் விலங்கு. இரையாகும் விலங்குகள் நோயைக் காட்டிக்கொள்வதில்லை. நலிந்தது என்று தெரிந்தால் பிடிபடும். ஆகவே உணவு குறைவதும், புழுக்கை சிறுத்துப் போவதும், எடை இறங்குவதும் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். புதிதாக வந்ததைச் சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதி வைப்பது இதனால்தான். முதல் சில நாள் எடை சற்றுக் குறைவது பயண அலுப்பால் இருக்கலாம். தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சின்சில்லா தண்ணீரில் குளிப்பதில்லை. நுண்ணிய எரிமலைத் துகள் போன்ற புழுதியில் புரண்டு மயிரைத் தூய்மை செய்துகொள்ளும். இந்தப் புழுதிக் குளியல்தான் படர்தாமரை பரவ ஏற்ற வழி. படர்தாமரைப் பூஞ்சையைச் சுமக்கும் சின்சில்லாவின் மயிரில் எந்தத் திட்டும் தெரியாமல் இருக்கலாம். அது புரண்ட புழுதிக் கிண்ணத்தை மற்றவற்றுக்கும் வைத்தால், சில வாரங்களில் மூக்கைச் சுற்றியும் கண்களைச் சுற்றியும் மயிர் உதிர்ந்த வட்டங்கள் தோன்றும். வளர்ப்பவரின் முழங்கையிலும் தோன்றும். எனவே தனிமைப்படுத்தும் காலத்தில் புதியதற்குத் தனிக் கிண்ணமும் தனிப் புழுதியும் தேவை. குடலில் வாழும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இன்னொரு கவலை. ஒரே முறை புழுக்கையைச் சோதித்து இல்லை என்று வந்தாலும், அது விட்டுவிட்டு வெளிப்படுவதால் சில நாள் இடைவெளியில் மீண்டும் சோதிப்பது நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் பழைய விலங்குகளுக்குத் தீனி போட்டு, கூண்டைத் துப்புரவு செய்து முடித்து, கடைசியில் புதியதன் அறைக்குள் போக வேண்டும். வெளியே வந்ததும் கைகளைக் கழுவி மேலாடையை மாற்ற வேண்டும். வெக்கை நோய்க் காலத்தில் தொழுவத்துக்குத் தொழுவம் சென்ற ஆட்களின் காலணியிலும் துணியிலும் நோய் பயணம் செய்தது. இங்கும் மனிதரே வாகனம். மனிதரின் உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்ப்பீஸ் கிருமி சின்சில்லாவுக்குத் தொற்றி மூளையைத் தாக்கிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. தொற்று இரு பக்கமும் போகும்.

தனி அறையில் இருக்கும் சின்சில்லா தனிமையால் வருந்தும் என்பது உண்மையே. அது கூட்டமாக வாழும் விலங்கு. மறைந்துகொள்ளப் பெட்டி, கடிக்க மரத்துண்டு, போதிய வைக்கோல், நாள்தோறும் சற்று நேரம் அருகில் அமர்ந்திருக்கும் ஆள் ஆகியவை இருந்தால் அந்த மாதம் கடந்துவிடும். அறையின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் குளிரூட்டி இல்லாத அறை தனிமைப்படுத்தலுக்கு உதவாது, அது விலங்கைக் கொன்றுவிடும். பழைய விலங்குகளுக்கு ஓர் அறையும் புதியதற்கு இன்னோர் அறையும் குளிரூட்ட முடியாதவர் இரண்டாவது சின்சில்லாவை வாங்காமலிருப்பதே நல்லது.

காட்டில் இவை இன்றும் அழிவின் விளிம்பிலேயே உள்ளன. சிலியின் இயாபெல் நகருக்கு அருகே 1983இல் சின்சில்லாக்களுக்கெனத் தேசியக் காப்பகம் அமைக்கப்பட்டது. வளர்ப்புச் சின்சில்லாக்கள் உலகெங்கும் ஏராளமாக இருக்க, அவற்றைக் கொண்டுபோய் அம்மலையில் விட்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. நூறு ஆண்டுக் கூண்டு வாழ்க்கையில் சேர்த்த நோய்களையும் அவை மலைக்குக் கொண்டுபோகும் என்பது அதற்கான தடைகளில் ஒன்று. எஞ்சிய சிறு கூட்டங்களுக்கு ஒரு முறை தொற்றினாலே போதும்.

வீட்டில் ஒரு மாதம் முடிந்து, எடை நிலைத்து, சோதனைகளும் நன்றாக வந்தால், இரண்டு கூண்டுகளையும் பல் எட்டாத இடைவெளியில் அருகருகே வைப்பர். சில நாள் மணம் பழகிய பின் பொதுவான வேறோர் இடத்தில் சிறிது நேரம் சேர்த்து விடுவர். அந்த மாதத்தின் நடுவே நோய் ஏதும் தென்பட்டால், குணமான நாளிலிருந்து கணக்கு மீண்டும் தொடங்கும். அதே அறைக்குள் இரண்டாவது புதிய விலங்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாலும் இரண்டுக்கும் அன்றுதான் முதல் நாள்.